மரம் அரியும் ஆலைக்குத் தானியங்கி இயந்திரம்: எதை வாங்குவது, எதைத் தள்ளிவைப்பது?

கேள்வி: ஐயா, தென்மராட்சியில் எங்கள் தகப்பனார் முப்பது வருடங்களுக்கு மேலாக நடத்திவந்த மரம் அரியும் ஆலையை, அவர் பாரிசவாதத்தில் படுத்தபின் இரண்டு வருடங்களாக நான் நடத்துகிறேன். நான் கணக்கியல் படித்தவள். இயந்திர அறிவு குறைவு. ஒரு பட்டிவாளும் (சில்லுகளின் மேல் பட்டிபோலச் சுற்றி ஓடும் வாள்) ஒரு வட்டவாளும் இருக்கின்றன. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். சனங்கள் கொண்டுவரும் குற்றிகளைக் கூலிக்கு அரிந்து கொடுப்பதே பெரும்பகுதி வேலை. கொஞ்சம் நாங்களே மரம் வாங்கி அரிந்து விற்கிறோம். கொழும்பிலிருந்து அளவாக வரும் இறக்குமதிப் பலகையைத் தச்சர்கள் விரும்புவதால் எங்கள் விற்பனை குறைந்துகொண்டு போகிறது. லேசர்க் கதிரால் குற்றியை அளந்து, எப்படி அரிவதென்பதைக் கணினியே தீர்மானிக்கும் தானியங்கித் தொகுதி ஒன்றை வாங்கும்படி ஒரு முகவர் வற்புறுத்துகிறார். கழிவு பாதியாகும், இரண்டு பேர் போதும் என்கிறார். வீட்டுக் காணியை ஈடுவைத்தால் வங்கி கடன் தரும். இருபத்தைந்து வருடமாக எங்களிடம் அரிகின்ற அண்ணைக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. வாங்கலாமா?

— தென்மராட்சி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் காணியை ஈடுவைத்து அந்தத் தொகுதியை வாங்க வேண்டாம். அதற்காக ஆலையை இப்போதிருக்கிறபடியே விட்டுவிடவும் வேண்டாம். தானியங்கித் தொழில்நுட்பத்தில் உங்களுக்கு உண்மையாகவே உதவக்கூடிய சில பகுதிகள் இருக்கின்றன. அவை முகவர் காட்டிய தொகுதியைவிட மிகவும் விலை குறைந்தவை, ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டக்கூடியவை. மரம் அரியும் இயந்திரங்களோடு நாற்பது வருடங்களாகப் பழகிய ஒரு பொறியியலாளன் என்ற முறையில் காரணங்களை விளக்கமாக எழுதுகிறேன். முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்பதால், கணக்கையும் சேர்த்தே தருகிறேன்.

முகவர் சொல்லும் இயந்திரம் பொய்யானதன்று. சுவீடன், பின்லாந்து, கனடா போன்ற நாடுகளின் பெரிய ஆலைகளில் அது நாளாந்தம் நடக்கிற வேலை. பட்டை உரிக்கப்பட்ட குற்றி சங்கிலித் தொடரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே லேசர்க் கதிர்கள் அதனைச் சுற்றிவர அளக்கின்றன. அடி பருத்தும் நுனி சிறுத்தும் இருப்பது, எந்தப் பக்கம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதெல்லாம் ஓர் உருவமாகக் கணினிக்குள் போகின்றன. அந்த உருவத்துக்குள் எந்தெந்த அளவுப் பலகைகளை எப்படி அடுக்கினால் கூடுதலான விலை வரும் என்று எண்ணற்ற அமைப்புகளைக் கணப்பொழுதில் ஒப்பிட்டு, குற்றியை எந்தக் கோணத்துக்குத் திருப்புவது, முதல் வாயை, அதாவது முதல் வெட்டை, எங்கே போடுவது என்பதைக் கணினியே வாளுக்குச் சொல்கிறது. சில ஆலைகளில் எக்ஸ் கதிரால் உள்ளே உள்ள கணுவையும் வெடிப்பையும்கூடப் பார்க்கிறார்கள். வளைந்த குற்றியை வளைவோடு சேர்த்தே அரிகிற ஏற்பாடும் உண்டு.

ஆனால் இந்தத் தொழில்நுட்பம் எந்தத் தேவைக்குப் பிறந்தது என்பதை அறிந்தால்தான் அது நமக்குப் பொருந்துமா என்று சொல்ல முடியும். அமெரிக்காவில் பெரிய மரங்கள் குறைந்து, மெல்லிய குற்றிகளே ஆலைக்கு வரத் தொடங்கிய காலத்தில், முதல் வாயைச் சில மில்லிமீற்றர் தள்ளிப் போட்டாலே ஒரு முழுப் பலகை இல்லாமற் போகிறது என்பதை மடிசன் நகரிலுள்ள வன உற்பத்திப் பொருள் ஆய்வுகூடத்தினர் கணக்கிட்டுக் காட்டினார்கள். முதல் வாயை எங்கே போடுவது என்று கணினியால் தீர்மானிக்கும் அவர்களுடைய முறை 1970களின் தொடக்கத்தில் வந்தது. இன்றைய லேசர்த் தொகுதிகளெல்லாம் அந்த வழியில் வளர்ந்தவை. அங்கே ஓர் ஆலைக்கு வருவது பைன், ஸ்புரூஸ் என்று ஒன்றோ இரண்டோ இன மரங்கள். எல்லாம் ஏறத்தாழ நேரானவை, ஒன்றையொன்று ஒத்தவை. ஒரு குற்றியில் மிச்சம் பிடிப்பது சிறிதென்றாலும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான குற்றிகள் ஓடுவதால் அது பெருந்தொகையாகிறது.

உங்கள் முற்றத்துக்கு வருவதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். காலையில் வீட்டு வளவில் தறித்த வேம்பு, அதன் பிறகு ஒரு பலா, பின்னேரம் வன்னியிலிருந்து அனுமதியோடு வந்த பாலையும் முதிரையும், இடையில் ஒருவர் மாட்டுக் கொட்டிலுக்கென்று கொண்டுவரும் பூவரசு. ஒன்று இரண்டாகக் கிளைத்தது, ஒன்று முறுகியது, ஒன்று உள்ளே கோறையானது. பாலை தண்ணீரில் தாழும் மரம். மலைவேம்பு கையிலே தூக்கிப் போகும் மரம். இரண்டையும் ஒரே வாளால், ஒரே வேகத்தில் அரிய முடியாது. இவற்றை ஒரு குற்றியிலிருந்து அடுத்த குற்றிக்கு மாறி மாறி அரிகின்ற இடத்தில், ஆயிரக்கணக்கில் ஒத்த குற்றிகளை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட தொகுதி பெரும்பாலான நேரம் நின்றுகொண்டுதான் இருக்கும். கடன் தவணை நிற்காது.

பனையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்து ஆலைகள் எல்லாவற்றிலும் அது ஒரு பங்கு வேலை. மற்ற மரங்களில் நடுவில் வைரமும் வெளியே வெள்ளையும் இருக்கும். பனை அதற்கு நேர்மாறு: வெளிவட்டத்திலே கறுத்த நார் நெருங்கி வைரித்திருக்கும், நடுவிலே மென்மையான சோற்றிதான். கன அளவைக் கூட்டிப் பார்த்துப் பலகை அடுக்கும் கணினி, குற்றியின் நடுவில்தான் மிக அகலமான பலகையை வைக்கும். பனையில் அந்தப் பலகையின் நடுப்பாகம் எதற்கும் உதவாது. உங்கள் அண்ணை பனையைப் பிளந்து, சோற்றியை ஒதுக்கி, வெளிவட்டத்திலிருந்து மட்டும் கூரைக்கான வளை, கைமரம், சிலாகை ஆகியவற்றை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொகுதியை விற்பவரிடம் இதற்கான வழி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டபின் வரும் பதிலே உங்களுக்குப் போதும்.

இனி, என் கண்முன்னே நடந்த ஒன்று. போர் முடிந்து சில வருடங்களில், வலிகாமத்தில் ஓர் ஆலைக்குப் புதிய பட்டிவாளைப் பூட்டிக் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டு வளவிலிருந்து வந்த முற்றிய வேம்பு. வெளியே பட்டையில் ஒரு வடுவும் இல்லை. மூன்றாவது வாய் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கிரீச்சென்ற சத்தம், அடுத்த கணம் தீப்பொறி. பட்டிவாள் விநாடிக்கு 25 முதல் 40 மீற்றர் வேகத்தில் ஓடுவது. கையெடுத்துச் சுவிட்சை அமத்துவதற்குள் வாளின் முழுச் சுற்றும் அந்த இடத்தைப் பல தடவை கடந்துவிட்டது. நிறுத்திப் பார்த்தபோது ஒரு முழத்துக்குப் பல்லே இல்லை. மரத்தைப் பிளந்தோம். மஞ்சட் சிவப்பான வைரத்துக்குள் பெருவிரல் நகமளவு ஷெல் துண்டொன்று, அதைச் சுற்றி மேலும் கீழுமாகச் சாண் நீளத்துக்குக் கருநீலக் கறை. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வருகிற கறை அது. மரம் அந்தத் துண்டை மூடி, அதன் மேல் வருடக்கணக்காக வளர்ந்திருந்தது. அன்றைக்குப் பூட்டிய புது வாள் அன்றைக்கே பழசாயிற்று. வாளுக்கு முன்னால் நின்ற பொடியனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் நான் இன்றும் நினைத்து ஆறுதலடைகிறேன்.

ஆகவே உங்கள் ஆலைக்கு முதலாவதாக வாங்க வேண்டிய மின்னணுக் கருவி, கையில் பிடித்துக் குற்றியின் மேல் ஓட்டிப் பார்க்கும் உலோகங்காட்டி. காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பது போதாது; துப்பாக்கிச் சன்னத்தில் உள்ள ஈயமும் செம்பும் காந்தத்துக்கு அகப்படா. இரும்பல்லாத உலோகங்களையும் காட்டுகிற வகையா என்று கேட்டு வாங்குங்கள். ஈரமான பச்சை மரத்தில் அது எவ்வளவு ஆழம்வரை காட்டுகிறது என்பதை, ஓர் ஆணியையும் ஒரு செப்புத் துண்டையும் பலகைகளுக்கு அடியில் வைத்துச் சோதியுங்கள். தடித்த குற்றியானால் முதல் வாய்கள் போட்டபின் மீண்டும் ஒரு தடவை ஓட்டுங்கள். குற்றியைக் கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே இதைச் செய்தால், சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற சச்சரவும் குறையும். வேலி மரமாக நின்ற பூவரசிலும் கிளுவையிலும் முள்ளுக்கம்பி ஆணிகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. கடின உலோக முனைகள் பதித்த விலை கூடிய வாள்களை வாங்கும் எண்ணமிருந்தால், இந்தப் பழக்கம் ஆலையில் ஊன்றிய பின்னரே வாங்குங்கள்.

அடுத்து, 'கழிவு பாதியாகும்' என்ற பேச்சு. வாள் ஓடும் ஒவ்வொரு தடவையும் வாளின் பல் தின்னும் அகலம் தூளாகப் போகிறது. உங்கள் வட்டவாள் ஏறத்தாழ இரண்டு நூல், அதாவது 6 மில்லிமீற்றர் தின்னும். நன்றாகத் தீட்டிய மெல்லிய பட்டிவாள் 2 மில்லிமீற்றர் அளவே தின்னும். ஓரடி, அதாவது 305 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சதுரித்த ஒரு குற்றியை 25 மில்லிமீற்றர்ப் பலகைகளாக அரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டவாளில் பத்துப் பலகைக்கு 250, இடையில் ஒன்பது வாய்க்கு 54, ஆக 304, பத்தோடு சரி. மெல்லிய பட்டிவாளில் பதினொரு பலகைக்கு 275, பத்து வாய்க்கு 20, ஆக 295. பதினோராவது பலகை கிடைத்துவிடுகிறது. இது லேசரால் வந்ததன்று, கணினியால் வந்ததன்று; வாளின் தடிப்பால் மட்டும் வந்தது.

இப்போது கணக்குப் படித்த உங்களிடம் ஒரு கேள்வி. அந்தப் பதினோராவது பலகை யாருடையது? கூலிக்கு அரியும்போது குற்றி வாடிக்கையாளருடையது. மிச்சப்படும் பலகையும் அவருக்கே. இயந்திரத்துக்குக் கடன் கட்டுவது நீங்கள், பயன் எடுப்பது அவர். அது நல்ல காரியந்தான், நாலு பேர் கேள்விப்பட்டு உங்களிடம் வருவார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் முகவர் எழுதித் தந்திருக்கும் இலாபக் கணக்கில், அரியும் மரம் முழுவதும் ஆலைக்குச் சொந்தமானது என்று வைத்தே தொகை போட்டிருப்பார். பெரிய நாடுகளின் ஆலைகளுக்கு அது பொருந்தும். உங்கள் கடந்த பன்னிரண்டு மாதக் கணக்கை எடுத்து, அரிந்த மரத்தில் எத்தனை பங்கு சொந்தமாக வாங்கியது, எத்தனை பங்கு கூலிக்கு அரிந்தது என்று பிரியுங்கள். சொந்த மரத்தின் பங்குக்கு மட்டும் மிச்சத்தைக் கணக்கிட்டு, அதனைக் கடன் தவணையோடு ஒப்பிடுங்கள். நான் சொல்வதைவிட அந்தத் தாள் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது தச்சர்களைப் பற்றிய வரி. அவர்கள் இறக்குமதிப் பலகைக்குப் போவது அந்த மரம் நமது முதிரையைவிட நல்லதென்பதாலன்று. ஒவ்வொரு பலகையும் ஒரே தடிப்பில் இருக்கிறது, காய்ந்தும் இருக்கிறது என்பதால்தான். ஒரு யன்னலுக்கு எட்டுத் துண்டு வெட்டும் தச்சருக்கு, ஒரு முனை எட்டு நூலும் மறுமுனை பத்து நூலுமாக இருக்கும் பலகை அரை நாள் சீவுளி வேலையைக் கொடுக்கிறது. இன்றைய கூலியில் அரை நாள் பெரிது. குற்றியை லேசர் எவ்வளவு திறமாக அளந்தாலும், வாள் நெளிந்து ஓடினால் பலகை நெளிந்துதான் வரும்.

எனவே இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஓரங்குலமென்று அரிந்த பத்துப் பலகைகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஓரத்தில் மூன்று இடம், மறு ஓரத்தில் மூன்று இடம், ஆக ஆறு இடங்களில் வேணியர் இடுக்கியால் தடிப்பை அளந்து எழுதுங்கள். ஒரே பலகைக்குள் அளவுகள் கூடிக் குறைந்திருந்தால் நோய் வாளில் இருக்கிறது: பல் ஒரு பக்கம் மழுங்கியிருக்கலாம், பல் வளைவு இருபுறமும் ஒத்திராமலிருக்கலாம், வாளின் இழுவிசை போதாமலிருக்கலாம், வாளைத் தாங்கி வழிநடத்தும் கட்டைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது குற்றி வண்டி ஓடும் தண்டவாளம் ஓரிடத்தில் தாழ்ந்திருக்கலாம். ஒரு பலகைக்குள் அளவுகள் ஒத்திருந்து, பலகைக்குப் பலகை வேறுபட்டால் நோய் தடிப்பு வைக்கும் முறையில் இருக்கிறது: கைப்பிடியைத் திருப்பி, அளவுகோலைக் கண்ணால் பார்த்து வைப்பதில் வருகிற பிழை அது. இரண்டுக்கும் மருந்து வேறு. எந்த நோயென்று தெரியாமல் இயந்திரம் வாங்குவது, இரத்தம் சோதிக்காமல் ஊசி போடுவது போன்றது.

வாளின் நோயானால், தீட்டும் இடத்தில்தான் முதலில் பணத்தைப் போட வேண்டும். பல்லின் முகத்தையும் முதுகையும், இரு பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தையும் ஒரே ஓட்டத்தில் தீட்டிச் செல்லும் தானியங்கித் தீட்டும் பொறிகளும், ஒவ்வொரு பல்லையும் ஒரே அளவுக்கு வளைத்துச் சோதிக்கும் பொறிகளும் சிறிய ஆலைகளுக்கென்றே வருகின்றன. அரத்தால் தீட்டும்போது பள்ளத்தில் கூரான கீறல் விழுந்தால், அங்கேதான் வெடிப்புத் தொடங்கி வாள் அறும். வேலை முடிந்ததும் வாளின் இழுவிசையைத் தளர்த்திவிடுங்கள். சில்லின் மேல் வளைந்தபடி இரவு முழுவதும் இறுகி நிற்கும் வாள் சீக்கிரம் களைக்கும். தடிப்பு வைப்பதில் நோயானால், இலக்கம் அழுத்தித் தடிப்பு வைக்கும் கருவியை இப்போதிருக்கும் பட்டிவாளிலேயே பூட்டலாம். ஒரு மோட்டர் திருகாணியைச் சுழற்ற, இருக்கும் இடத்தை அளக்கும் உணரி ஒன்று திரும்பத் திரும்பச் சரிபார்க்க, அரிபவர் 25 என்று அழுத்தினால் வாள் தின்னும் அகலத்தையும் தானே சேர்த்து வைத்துக்கொள்ளும். என் அனுபவத்தில், சிறிய ஆலைக்குத் தானியங்கித் தொழில்நுட்பம் செய்த மிகப் பெரிய உதவி இதுதான்.

மூன்றாவதாக, வண்டியின் ஓட்டத்துக்கு வேகம் மாற்றும் மின்கருவி ஒன்றைப் பூட்டலாம். வாள் மோட்டர் இழுக்கும் மின்னோட்டம் கூடியவுடன் வண்டி தானாக மெதுவாகும். பாலையில் கணு வரும்போது வாள் நெளியாது, மோட்டரும் எரியாது. இதனைச் செய்வதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. இங்கேயே கைத்தேர்ச்சியுள்ள மின்வேலையாட்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் பயின்று வெளிவருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளைக்கு மாதத்தில் இரண்டு நாள் வேலை கொடுத்துப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள். உதிரிப்பாகத்துக்கும் திருத்துநருக்கும் நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் பார்த்துக்கொண்டு நிற்கும் இயந்திரம், எத்தனை கெட்டித்தனமானதாக இருந்தாலும், நின்றுவிட்ட நாளில் வெறும் இரும்புதான். மின்னழுத்தம் தாழும்போதும், மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை விடுபடும்போதும் மோட்டரைக் காக்கும் கருவி இருக்கிறதா என்பதை இன்றைக்கே பாருங்கள். மின்னணுப் பெட்டிகள் மரத்தூள் புகாதபடி இறுக மூடியிருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு நாள் முழுவதும் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, வாள் உண்மையாக மரத்துக்குள் ஓடுகிற நிமிடங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். குற்றியை உருட்டுவது, அலவாங்கு போட்டுத் திருப்புவது, பலகையைத் தூக்கிப் போய் அடுக்குவது, அடுத்த குற்றிக்குக் காத்திருப்பது ஆகியவற்றுக்குத்தான் நாள் போகிறது என்பது தெரியவரும். அப்படியானால் வேகமான வாள் வாங்கி ஒன்றும் ஆகாது. குற்றியைத் திருப்பும் ஒரு நீரழுத்தக் கையும், பலகை தானாக உருண்டு வெளியேறும் உருளைப் பாதையும் போதும். ஆறு பேரின் முதுகும் தப்பும்.

காய வைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சைப் பலகையை விற்கும்வரை தச்சர் திரும்பி வரமாட்டார். கூரையுள்ள, காற்றோட்டமான கொட்டிலில், ஒரே தடிப்பான இடைச்சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக, நேருக்கு நேராக வைத்து அடுக்குங்கள். சோளகம் வீசும் மாதங்களில் நமது காற்றைப் போல உலர்த்தும் காற்று வேறில்லை. ஆனால் அது மிக வேகமாக உலர்த்துவதால் முனைகள் வெடிக்கும், அதனால் வெட்டுமுனைகளுக்கு மெழுகோ தடித்த பூச்சோ பூசி விடுங்கள். ஒரு சிறிய ஈரமானி வாங்கி, ஈரப்பதத்தைப் பலகையிலேயே எழுதி விற்றுப் பாருங்கள்.

அண்ணையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியை வாசித்தபோது எனக்கு உங்கள் மேல் மதிப்பு உண்டாயிற்று. இந்தப் பயம் மிகப் பழையது. 1594இல் ஒல்லாந்தர் காற்றாலையால் வாளை ஓட்டத் தொடங்கி, அதனால் மரம் மலிந்து, கப்பல்களை விரைவாகக் கட்டினார்கள். யாழ்ப்பாணத்துக்கு 1658இல் வந்திறங்கியதும் அந்த நாட்டவர்தாம். இங்கிலாந்திலோ, 1768இல் லண்டன் லைம்ஹவுசில் காற்றால் ஓடும் மரம் அரியும் ஆலை ஒன்றைக் கைவாள் இழுப்போர் திரண்டுபோய் உடைத்தார்கள். ஒருவன் மேடைக்கு மேலே, ஒருவன் கீழே நின்று, கரிநூல் அடித்த கோட்டின் வழியே நாள் முழுவதும் வாள் இழுத்த மனிதர்கள் அவர்கள். அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. நமது ஊரிலும் அப்படி இழுத்தவர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கீழே நிற்பவரின் கண்ணிமையிலும் தூள் படிந்திருக்கும்.

உங்கள் அண்ணையின் வேலை வாளை ஓட்டுவது மட்டுமன்று. குற்றியைச் சுற்றி நடந்து, அடிமுனையின் வெடிப்பு எந்தத் திசையில் போகிறது, வைரம் நடுவில் இருக்கிறதா ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து, கோடாலியின் பின்புறத்தால் தட்டிக் கோறையை அறிந்து, வந்தவர் கேட்பது நிலைக்கா கதவுக்கா என்று விசாரித்து, பிறகுதான் முதல் வாயை எந்தப் பக்கம் போடுவதென்று தீர்மானிக்கிறார். கலந்து வருகிற, வளைந்த, உள்ளே உலோகம் கிடக்கிற குற்றிகளுக்கு இந்தத் தீர்மானத்தை உங்களுடைய செலவுக்குள் அடங்கும் எந்த இயந்திரமும் செய்யாது. இலக்கம் அழுத்தும் கருவியைப் பூட்டினால் அதற்கு முன்னால் அவரையே நிறுத்துங்கள்; இரண்டு கிழமையில் பழகிவிடுவார். அளப்பதை இயந்திரமும் தீர்மானிப்பதை அவரும் செய்யட்டும். அவர் பக்கத்தில் ஓர் இளையவரை இப்போதே நிறுத்தி, அவர் ஒவ்வொரு குற்றிக்கும் சொல்லும் காரணத்தைக் கேட்கச் செய்யுங்கள். அந்த அறிவு எந்தக் கொப்பியிலும் எழுதப்படவில்லை.

தொழிலாளருக்கு உண்மையில் வரும் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1995இல் வகைப்படுத்தியது. முதிரைத் தூள் பட்டுச் சிலருக்குத் தோல் தடித்துச் சொறிவதை உங்கள் ஆலையிலேயே கண்டிருப்பீர்கள். வாளின் அடியிலேயே தூளை உறிஞ்சி எடுக்கும் விசிறியும் குழாயும் பூட்டுங்கள்; காதுக்கும் மூக்குக்கும் தகுந்த காப்புக் கொடுங்கள். சில்லுகளுக்கும் பட்டிகளுக்கும் மூடி, கைக்கெட்டும் இடங்களில் அவசர நிறுத்தும் பொத்தான், இவை 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் ஒன்றாகவே வேண்டியவை. உறிஞ்சிச் சேர்த்த தூள் வீணாகாது. தகரத்துக்குள் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளை இறுக்கி, போத்தலை உருவி எடுத்துவிட்டு எரித்த அடுப்பில் சமைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இன்றைக்கு அதே தூளைக் கட்டியாக அழுத்தி விற்கவும் வழியுண்டு.

புதிய இயந்திரம் எதையும் பூட்டுவதற்கு முன், ஆலையின் பதிவு இருக்கும் வனத் திணைக்களத்திலும், சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தந்த இடத்திலும், உங்கள் பிரதேச சபையிலும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து அனுமதி பெறுங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு அனுமதி வேண்டுமென்பதால், கூலிக்கு வரும் குற்றியானாலும் பத்திரத்தைப் பார்த்து, அதன் பிரதியை வைத்துக்கொண்டே அரியுங்கள்.

முகவர் மீண்டும் வந்தால் கோபிக்க வேண்டாம். இரண்டு குற்றிகளை, ஒன்று வளைந்த வேம்பும் ஒன்று பாலையுமாக, நீங்கள் தெரிந்தெடுத்து, ஏற்கெனவே அந்த இயந்திரம் ஓடுகிற இடத்தில் உங்கள் முன்னாலும் அண்ணையின் முன்னாலும் அரிந்து காட்டச் சொல்லுங்கள். வாள் மாற்றிய தடவைகளையும், எடுத்த நேரத்தையும், வந்த பலகைகளின் தடிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். அதனோடு, நான் மேலே சொன்ன பத்துப் பலகைகளின் அறுபது அளவுகளையும், கூலிக்கும் சொந்தத்துக்குமாகப் பிரித்த பன்னிரண்டு மாதக் கணக்கையும் எனக்கு அனுப்பினால், எந்தப் பொறியை முதலில் வாங்குவது, அதற்கு எவ்வளவுக்கு மேல் கடன்படக் கூடாது என்பதை இலக்கத்தோடு எழுதி அனுப்புகிறேன்.